வரப்பில் காத்திருந்த மழை

நாரைமங்கலத்தில் மழையைக் காக்க வைத்தவள் தையல்நாயகி. இதை நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய்த் தங்கள் வேலையைப் பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவது முழுக்க அந்த மழை காத்துக்கொண்டிருந்த நாட்களைப் பற்றித்தான். அது ஏன் காத்திருந்தது, எப்படிக் காத்திருந்தது என்று அந்த ஊரிலேயே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, அறுப்புக் காலத்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?

தையல்நாயகிக்கும் அவள் புருஷன் சிங்காரவேலுவுக்கும் இருந்தது ஒரே ஒரு குத்தகை வயல். ஊரின் கிழக்குக் கோடியில், கடலுக்குப் போகும் வடிகாலை ஒட்டிய கடைசி வயல், ஊரிலேயே பள்ளமான வயலும் அதுதான். ஐப்பசி மழை கடலிலிருந்து எழுந்து வந்தால் முதல் காலை அந்த வயலில்தான் வைக்கும். மூன்று வருஷமாக அப்படித்தான் வைத்தது. குறுவை பழுத்துத் தலை சாய்ந்து, நாளைக்கு அரிவாளை வைத்துவிடலாம் என்று இருவரும் பேசி முடித்த மறுநாளே வந்து, நெல்லைச் சேற்றோடு சேற்றாகப் படுக்கப்போட்டது; படுத்த நெல் கதிரிலேயே முளைவிட்டுப் பச்சைப் பசேலென்று நின்றதைப் பார்த்து, தையல்நாயகி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதிருக்கிறாள். இந்த வருஷமும் நெல் போனால் வயலை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவது என்று சிங்காரவேலு முடிவு செய்திருந்தான். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நெல்லு வீடு வந்து சேரட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சேற்றில் அறுப்பு மிஷின் இறங்காது, இறங்கினால் ஏறாது. ஆகவே இவர்கள் இருவர் கைதான் மிஷின். விடிந்தும் விடியாமல் தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட கருவாடுமாக வயலில் இறங்குவார்கள், அவள் முன்னால் அறுத்துக்கொண்டே போவாள், அவன் பின்னால் அவள் அறுத்துப் போட்ட அரியை அள்ளிக் கட்டிக் களத்து மேட்டுக்குத் தூக்குவான், அவன் திரும்பி வருவதற்குள் அவள் இன்னொரு கட்டுக்கு அறுத்துப் போட்டிருப்பாள், "என்னாங்க, வழியில ஏதும் கல்யாண வீட்டுல பந்தியில ஒக்காந்துட்டீங்களா?" என்பாள், அவன், "நீ அறுக்குறியா, கதிருக்கு முடி வெட்டி விடுறியா? தாளு முழங்காலு ஒசரம் நிக்குது பாரு" என்பான், இப்படி ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு, கிழக்கு வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே தின்றுவிட்டு மறுபடி குனிவார்கள்.

பாதி வயல் அறுத்து முடித்திருந்த ஒரு காலையில் வடிகாலுக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. சிங்காரவேலு களத்திலிருந்து தலை முண்டாசு அவிழ ஓடி வந்தான். "தையலு! வந்துருச்சுடி! பாழாப்போனது வந்துருச்சுடி!" தூரத்துத் தென்னைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, வடிகால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு அது வந்தது. தையல்நாயகி நிமிர்ந்தாள். இடது கையில் ஒரு பிடி கதிர், வலது கையில் அரிவாள்; அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற நாத்தனாரைப் பார்ப்பதுபோல மழையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தா, கொஞ்சம் அங்கயே இரு" என்றாள். "கையில வேலையா இருக்கேன், தெரியல? இந்த வயல அறுத்து முடிச்சுட்டு நானே வந்து உன்னக் கூப்புடுறேன். அதுவரைக்கும் வரப்புல காலு வைக்கக் கூடாது."

மழை அங்கேயே நின்றுவிட்டது. நின்றது என்றால் ஓய்ந்துபோனது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழக்கு வரப்புக்கு ஒரு முழம் தள்ளி, வடக்கேயும் தெற்கேயும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு, வானத்துக்கும் பூமிக்குமாகக் கொட்டிக்கொண்டேதான் நின்றது. கொட்டிய தண்ணீர் வடிகாலில் விழுந்து கடலுக்கே திரும்பப் போனது. ஒரு சொட்டுகூட வரப்புக்கு இந்தப் பக்கம் தெறிக்கவில்லை.

"சொன்னா கேக்குதுடி" என்றான் சிங்காரவேலு.

"கேக்காம என்னா? நீங்கதான் கேக்க மாட்டேங்குறீங்க. கட்டைத் தூக்குங்க" என்றாள் அவள், குனிந்து அடுத்த பிடியை அறுத்தாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலில் வந்த பெண்கள் குடத்தோடு வந்தார்கள், குழாயடியில் சண்டை போடாமல் தண்ணீர் பிடிக்க இதைவிட வசதி உண்டா, குடத்தை மழைக்குள் நீட்டினால் நிறைந்தது, இழுத்தால் கை காய்ந்தது. அடுத்து எருமைகளை ஓட்டி வந்தார்கள், எருமைகள் உடம்பை மழைக்குள்ளும் தலையை வெயிலிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி அசை போட்டன. டீக்கடை மதியழகன் பெஞ்சையும் பாய்லரையும் தூக்கிக்கொண்டு வந்து வரப்பின் இந்தப் பக்கம் கடை போட்டான், மழையைப் பார்த்துக்கொண்டு நனையாமல் டீ குடிக்கப் பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று பெண் மழையிலும் மாப்பிள்ளை வெயிலிலுமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. யாரோ ஒரு அம்மாள் மழைக்கு மஞ்சள் துணி கட்ட இடம் தேடினாள், கட்ட ஒரு கம்பும் கிடைக்காததால் கற்பூரமாவது ஏற்றலாம் என்று குனிந்தாள்.

"அது சாமி இல்லக்கா, விருந்தாளி" என்று தையல்நாயகி வயலுக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். "நீ பாட்டுக்கு சூடத்த கொளுத்தி அதுக்குக் கோவத்த வர வைக்காத."

அவர்களுடைய களத்தில் கட்டுகள் உயர்ந்தன. அடித்த நெல் வெயிலில் காய்ந்தது, மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் மூட்டையைச் சிங்காரவேலு தோளில் தூக்கி வீட்டுக்குள் இறக்கியபோது தையல்நாயகி நிலைப்படியில் நின்று சிரித்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் வடகிழக்கு மூலையில் கால் வயல்தான் பாக்கி, வயலிலேயே நல்ல கதிர் அங்கேதான், அடுத்த குறுவைக்கு விதைநெல் என்று அவள் கடைசியாக விட்டு வைத்திருந்த மூலை. அதில் அரிவாளை வைக்கப்போன அன்று பஞ்சாயத்துத் தலைவர் இளஞ்சியம் பாதி ஊரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

"தையலு, அறுக்காத! உனக்குப் புண்ணியமாப் போவும், அறுக்காத!"

"ஏங்கா, என்னாச்சு?"

"நீ அதுகிட்ட என்னா சொன்ன? இந்த வயல அறுத்து முடிச்சுட்டுக் கூப்புடுறேன்னுதான? நீ முடிச்சுட்டா அது உள்ள வந்துரும்ல? ஊரு நெல்லு முச்சூடும் இன்னும் நிக்குதுடி. இருக்குறது ஒரே மிஷினு. ஒரு ஓரம் மட்டும் நிக்கட்டும் தாயி, நாங்களும் கரையேறிக்கிறோம்."

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள், அவன் தலையாட்டினான். அவள் கிழக்கு வரப்புக்குப் போய், "இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்க, ஊருக்காரங்க கேக்குறாங்க" என்று மழையிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அடடா, அதற்குப் பிறகு நாரைமங்கலம் போட்ட ஆட்டத்தைச் சொல்லி முடியாது! மிஷின் ஒரு பக்கம் ஓட, மிஷினுக்குக் காத்திருக்கப் பொறுக்காதவர்கள் பரணில் கிடந்த அரிவாள்களை எடுத்துக்கொண்டு ஒருவர் வயலில் ஒருவர் இறங்கி அறுக்க, வருஷக்கணக்கில் பேசாத பங்காளிகள் ஒரே கட்டின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்க, தார் ரோடு முழுக்க நெல் காய, பஸ்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போக, பள்ளிக்கூட வராந்தாவிலும் கோயில் மண்டபத்திலும் ஏறிய நெல் மூட்டைகள் கூரையைத் தொட, கிழக்கே அந்த மழை பெய்துகொண்டே பார்த்துக்கொண்டு நின்றது. சிங்காரவேலுவைக் கேட்கவே வேண்டாம், டீக்கடையில் அவனுக்கு முதல் டீ, ஊரே அவனை மழைக்காரர் என்று கூப்பிட்டது, அவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் மேலும் கீழும் நடந்து, வெளியூர்க்காரர்களிடம், "ரொம்பக் கிட்டப் போவாதீங்க, அதுக்குக் கூச்சம்" என்று எச்சரித்துக்கொண்டிருந்தான்.

ஊர் நெல் கடைசி மணி வரை வீடு சேர்ந்துவிட்டது. தையல்நாயகி அரிவாளை எடுத்தாள். அப்போதுதான் வைக்கோல் காயவில்லை என்றார்கள். காய்ந்தது. ஒரு வீட்டில் கூரை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினார்கள். தீபாவளி வந்துவிட்டதே என்றார்கள். நாரைமங்கலத்துத் தீபாவளியில் பட்டாசு நமுத்துப்போகாமல் வெடித்ததாக யாருக்கும் நினைவில்லை, இந்த ஒரு வருஷமாவது காய்ந்த தீபாவளி கொண்டாடிவிடுகிறோம், இத்தனை நாள் நின்றது இன்னும் நாலு நாள் நிற்காதா என்றார்கள். இளஞ்சியம் மிகப் பிரியமாக வந்து, அரிவாள் மொண்ணையாக இருக்கிறது, பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கித் தருகிறேன் என்று வீட்டிலிருந்த இரண்டு அரிவாள்களையும் வாங்கிக்கொண்டு போனார். பட்டறையில் கேட்டால், தலைவரிடம் கேள் என்றார்கள். தலைவரிடம் கேட்டால், பட்டறையில் கேள் என்றார். விதைநெல் மூலையைச் சுற்றி முள் வேலி போட்டு, மாறி மாறி ஆள் உட்கார்ந்து காவல் காத்தார்கள்.

வேலிக்குள் கதிர் முற்றிக் கொட்டத் தொடங்கியது. குருவிகள் ஒரு பங்கும் எலிகள் ஒரு பங்கும் எடுத்துக்கொண்டன. தையல்நாயகிக்கு அதைவிட மழையைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. வந்தபோது எப்படி வந்தது, இப்போது கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது, சில நேரம் தூறலாக இளைத்தது, சில நேரம் வடிகால் கரையில் உட்கார்ந்துவிட்டதுபோலத் தணிந்து பெய்தது. இவள் வரப்புப் பக்கம் போனால் உடனே எழுந்து சடசடவென்று நிமிர்ந்தது, கூப்பிடத்தான் வருகிறாள் என்று நினைத்து. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, மேற்கிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெண் இறங்கினாள். வீராயி என்று பெயர், வானத்தைப் பார்த்து விதைக்கிற மேட்டுக்காட்டு ஊர், கையில் வேரோடு பிடுங்கிய சோளப் பயிர் ஒன்று, காய்ந்து சுருண்டு போனது. அவள் யாரிடமும் சண்டைக்கு வரவில்லை. வரப்பில் நடந்து போய் மழைக்குள் கையை நீட்டினாள், நனைந்த கையை முகத்தில் தேய்த்துக்கொண்டாள், சிரித்தாள், பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

"எங்கூருக்கு வர்ற வழியில எங்கிட்டோ மாட்டிக்கிருச்சுன்னு நெனச்சோம்" என்றாள் தையல்நாயகியிடம். "இங்கனதான் நிக்குதாத்தா? நல்லாத்தான் வச்சிருக்கீக. நான் பாத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

தையல்நாயகி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள். "நான் மழையக் கூப்புடப் போறேன்."

"நாளைக்கு ஒரு நாளு பொறுடி. ஊரே கொண்டாட்டமா இருக்கு."

"நிக்க வச்சது யாரு? நான். வார்த்த குடுத்தது யாரு? நான். ஊரா குடுத்துச்சு? வந்தவங்கள வெளில நிக்க வச்சுட்டு உள்ள ஒக்காந்து பலகாரம் சுடுறோமே, நல்லாவா இருக்கு?"

"அரிவாளே இல்லாம எத அறுத்துட்டுக் கூப்புடுவ?"

"அறுக்காமத்தான்."

சிங்காரவேலு அவளை வெறித்துப் பார்த்தான். "வெதநெல்லுடி அது" என்றான். "அது நனஞ்சா அடுத்த குறுவைக்கு என்னத்தப் போடுவ? மூணு வருஷம் நாசம் பண்ணுனது பத்தாதா, நாலாவதா நாமளே வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

"மூணு வருஷம் கேக்காம எடுத்துச்சு, வயிறு எரிஞ்சுது. இப்ப நானாக் குடுக்குறேன், எரியல. வர்றதுன்னா வாங்க, இல்லன்னா இங்கயே நில்லுங்க."

அவன் நின்றான். அவள் நாலு எட்டு போவதற்குள் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டான். காவலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் கையில் அரிவாள் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள், இல்லை என்றதும் சீட்டாட்டத்துக்குத் திரும்பினார்கள். கதிரைத்தான் காவல் காத்தார்களே தவிர, வாயால் கூப்பிடுவதற்குக் காவல் போட யாருக்கும் தோன்றவில்லை.

தையல்நாயகி கிழக்கு வரப்பில் ஏறி இரண்டு கையையும் நீட்டினாள். "வாம்மா, உள்ள வா. ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன், மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

மழை தயங்கியது. நிற்கிற கதிரைப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"அது கெடக்கு, நீ வா!" என்றான் சிங்காரவேலு.

வந்தது. முதலில் ஒரு காலை மெல்ல வரப்பில் வைத்து, பிறகு ஒரே ஓட்டமாக, முள்வேலியைத் தாண்டி, விதைநெல்லைத் தரையோடு படுக்கப்போட்டு, சீட்டுக்கட்டை அடித்துக்கொண்டு, மதியழகனின் பாய்லரை அணைத்து, தெருத் தெருவாக நுழைந்து, வெயிலில் காய வைத்த சரவெடிகளையும் கொடியில் தொங்கிய புதுத் துணிகளையும் நனைத்து, கூரை கூரையாகத் தட்டி எல்லாரையும் விசாரித்தது. இளஞ்சியம் புதுப் பட்டுப்புடவையோடு தெருவில் நின்று கத்தினார், "ஒரே ஒரு நாளு பொறுக்க முடியலையாடி உன்னால?" கத்தும்போதே வாய்க்குள் மழை புகுந்தது, விழுங்கினார், இன்னொரு தரம் கத்த வாயெடுத்து அதையும் விழுங்கினார், அப்புறம் என்னவோ கத்தவில்லை. இத்தனை நாள் குடத்தில் பிடித்த தண்ணீர் வேறு, தலையில் விழுகிற தண்ணீர் வேறு என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் வந்த மழை நாரைமங்கலத்திலேயே உட்கார்ந்துவிட்டது. மேற்கு எல்லையைத் தாண்டவில்லை. ஊர் திரும்ப எல்லைக்கு வெளியே பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்த வீராயி பரிதாபமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேல் சுட்டெரிக்கிற வெயில்.

"இது ஏன் போவ மாட்டேங்குது?" என்றான் சிங்காரவேலு.

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "எப்புடிங்க போவும்? இத்தன நாளு பட்டினி போட்டு நிக்க வச்சுருக்கோம். வாய் நனைக்காம எந்த விருந்தாளி கெளம்புவாங்க?" ஓடிப்போய்ப் படுத்துக் கிடந்த கதிரை ஒரு பிடி உருவி உள்ளங்கையில் கசக்கினாள். நெல் ஊறியிருந்தது. கெட்டுப்போகவில்லை, நன்றாக, பதமாக ஊறியிருந்தது. "அவலுக்கு ஊறுன நெல்லுங்க! அடுப்பப் பத்த வைக்கச் சொல்லுங்க!"

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அரிவாள்களை எடுத்து வந்தார், இரண்டும் பளபளவென்று தீட்டியிருந்தன. காவல் காத்தவர்களே வேலியைப் பிரித்து எறிந்துவிட்டு இறங்கினார்கள். புதுத் துணி போட்டவர்கள் புதுத் துணியோடு, போடாதவர்கள் கைலியோடு, கொட்டுகிற மழையில் அந்த மூலையை அறுத்து, உருவி, கோயில் மண்டபத்துக்குள் பெரிய மண்சட்டிகளை ஏற்றி, ஊறின நெல்லைப் போட்டு வறுத்து, பொரிகிற சூட்டோடு உரலில் கொட்டி இடித்தார்கள், உரல் போதாமல் வீடு வீடாக உருட்டி வந்தார்கள், பட்டாசு வெடிக்காத அந்த ஊரில் அன்று முழுக்க உலக்கைச் சத்தம் தெருவை அதிர வைத்தது. இளஞ்சியம் ஈரப் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தையல்நாயகிக்கு எதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டார்.

"வெதநெல்லுக்கு எங்க வீட்டுக்கு வந்துரு" என்றார், முகத்தைப் பார்க்காமல். "வரலன்னா நானே மூட்டையத் தூக்கிட்டு வந்துருவேன், ஆமா."

தையல்நாயகி உலக்கையை இன்னும் வேகமாகப் போட்டாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

முதல் அவலில் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்து, தலைவாழை இலையில் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து வயல் வரப்பில் வைத்தார்கள். ஊரெல்லாம் கொட்டிய மழை சுருங்கிச் சுருங்கி, விரல் கனத்துக்கு இளைத்து, அந்த இலை மேல் மட்டும் பதமாக இறங்கியது. இலை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாயிற்று. இன்னொரு கை வைத்தாள். அதையும் தின்றது. பிறகு வானம் நன்றாக ஒரு தரம் உறுமியது, மழை எழுந்து மேற்கே திரும்பியது.

வீராயி மடியில் ஒரு பொட்டலம் அவலோடு பஸ் ஏறினாள். பஸ் கிளம்பியது, மழையும் பின்னாலேயே கிளம்பியது, நிறுத்தத்தில் பஸ் நின்றால் மழையும் பின்னால் நின்றது, பஸ் வளைந்தால் மழையும் வளைந்தது, வீராயி கடைசி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்! வா ஆத்தா, இன்னுங் கொஞ்ச தூரந்தான்!" என்று கை காட்டிக் கூவிக்கொண்டே போனாள்.

தையல்நாயகி அது கண்ணுக்கு மறைகிற வரை ரோட்டில் நின்று கையசைத்தாள். சிங்காரவேலு இன்னும் வாயைத் திறந்துகொண்டு மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாங்க வேடிக்க? வயலு நெறைய தண்ணி நிக்குது" என்றாள் அவள். "தாளடிப் போகத்துக்கு உழ வேணாமா?"